நிலைமின்சாரம்

நிலைமின்சாரம்: ஒரு பொருளின் மேற்பரப்பில் ஓடாமல் தங்கி நிற்கும் மின்னேற்றமும், அதனால் உண்டாகும் கவர்ச்சி, விலக்கம், தீப்பொறி முதலிய விளைவுகளும் நிலைமின்சாரம் எனப்படும். உலர்ந்த தலைமயிரை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதும், மழைக்கால வானில் மின்னல் பாய்வதும் அளவில் மாறுபட்டவையேயன்றித் தன்மையில் வேறானவை அல்ல. வங்கக் கடலோரத்து மீனவர் ஊராகிய காரைக்கால்மேடு, இவ்விரண்டில் முன்னதை அரிதாகவும் பின்னதை நன்றாகவும் காணும் இடமாதலின், இவ்வியலை விளக்குவதற்கு ஏற்ற உதாரணமாகிறது.

வரலாறு: அம்பர் என்னும் கல்லாய் இறுகிய மரப்பிசினைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை ஆகர்ஷிக்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர், வடமொழியிலும் புல்லை ஈர்க்கும் மணி என்ற கருத்தில் அதற்குத் திருணமணி என்றே பெயர் வழங்கிற்று. 1600இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட், கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பதார்த்தங்களுக்கும் இக்குணம் உண்டெனக் காட்டினார். பாரிஸில் ஆராய்ந்த தூஃபே, மின்சாரம் இருவகைப்படும் என்றும், ஓரினம் ஒன்றையொன்று விலக்க, வேறினம் ஒன்றையொன்று கவரும் என்றும் 1733இல் கண்டார். அவ்விரு வகைகளுக்கும் நேர், எதிர் என்னும் பெயர்களைத் தந்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின். இரு மின்னேற்றங்களிடையே உள்ள விசை, அவற்றின் பெருக்குத்தொகைக்கு நேர் விகிதத்திலும் இடைத்தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும் என்னும் விதியை, 1785இல் மற்றொரு பிரெஞ்சுக்காரராகிய கூலும் நிறுவினார். மின்னேற்றத்தின் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஏற்றம் பெறும் முறைகள்: தேய்த்தல் மின்சாரத்தைப் படைப்பதில்லை; இருப்பதை இடம் மாற்றுவதே அதன் தொழில். எல்லாப் பொருளிலும் நேரேற்றமுடைய புரோட்டான்களும் எதிரேற்றமுடைய எலெக்ட்ரான்களும் சமமாக இருப்பதால் அப்பொருள் நடுநிலையில் நிற்கிறது. இரு பொருள்கள் நெருங்கித் தொட்டுப் பிரியும்போது, எலெக்ட்ரான்களை இறுகப் பற்றும் பொருள் மற்றதிலிருந்து சிலவற்றைக் கவர்ந்துகொள்கிறது. பெற்றது எதிரேற்றமும் இழந்தது நேரேற்றமும் அடைகின்றன. பட்டில் தேய்த்த கண்ணாடி நேரேற்றமும், மயிரில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு எதிரேற்றமும் பெறுவது இவ்வாறே. ஒரு கூலும் என்பது சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்களின் ஏற்றமாகும். சீப்பில் சேர்வதோ அதில் மிக நுண்ணிய ஒரு பின்னமே.

ஏற்றம் பெற்ற பொருள் ஒரு கடத்தியைத் தொட்டால், ஏற்றத்தின் ஒரு பகுதி அதற்குச் செல்லும். இது தொடு முறை. தொடாமல் அருகில் நின்றாலே, கடத்தியிலுள்ள எலெக்ட்ரான்களை ஒரு புறம் இழுத்தோ ஒதுக்கியோ விடும், இது தூண்டல். நடுநிலையான காகிதத் துணுக்கின் அணுக்களிலும் ஏற்றங்கள் சற்றே இடம் பெயர்ந்து, சீப்பை நோக்கிய பக்கம் வேறினமாவதால்தான் அது தாவி ஒட்டுகிறது.

ஈரத்தின் பங்கு: கடலோரத்தில் சீப்பின் விளையாட்டு பெரும்பாலும் பலிப்பதில்லை. ஈரக்காற்றே மின்னேற்றத்தைச் சுமந்து செல்கிறது என்று பலரும் கருதுவர். உண்மையில், காற்றின் ஈரம் பொருளின் மேல் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலமாகப் படிய, கடற்காற்றின் உப்பும் அதில் கரைந்து அப்படலத்தைக் கடத்தியாக்கிவிடுவதால், சேர்ந்த ஏற்றம் அதன் வழியே கசிந்து போகிறது. ஆனி மாதத்தில் கச்சான் எனப்படும் மேல்காற்று நிலத்திலிருந்து வறண்டு வீசும் பகற்பொழுதில், கடற்காற்று ஏறுவதற்கு முன் அதே சோதனையைச் செய்தால், சீப்பு துணுக்குகளை இழுப்பதைக் காரைக்கால்மேட்டிலும் காணலாம்.

மின்னல்: தரையில் தங்காத மின்சாரம் மேகத்தில் தங்குகிறது. புரட்டாசி, ஐப்பசி மாதங்களின் இடிமேகங்களில், மேலெழும் நுண்பனிப் படிகங்களும் கீழிறங்கும் பனிக்குருணைகளும் மோதிப் பிரியும்போது ஏற்றங்கள் பிரிகின்றன; மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிரேற்றமடைந்து, கீழுள்ள நிலத்திலும் நீரிலும் தூண்டலால் நேரேற்றத்தை வரவழைக்கிறது. தரைமட்டத்தில் உலர்ந்த காற்றின் காப்பைத் தகர்க்கச் சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். மேகத்தினுள் அதனினும் குறைந்த மின்புலத்திலேயே மின்னல் தொடங்கிவிடுகிறது. அதன் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவை எட்டும். கரையில் தென்னையும் பனையும் உயர்ந்து நின்று அதை ஏற்கக்கூடும். திறந்த கடலிலோ படகும் அதில் நிற்கும் மனிதனுமே உயர்ந்த முனைகளாகின்றனர்.

காப்பு: படகின் எஞ்சினுக்குப் பெட்ரோல் நிரப்பும்போது, பிளாஸ்டிக் கேனைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் தரையில் வைத்து நிரப்புதல் வேண்டும், பாயும் எரிபொருளின் உராய்வாலும் ஏற்றம் சேர்ந்து பொறி உண்டாகக்கூடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே கழியும் ஒவ்வொரு மூன்று வினாடிக்கும் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அவ்விடைவெளி 30 வினாடிக்குக் குறைந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அறிந்து, கடலுக்குத் தொழிலுக்குப் புறப்படாமல், மரத்தடியையும் தவிர்த்து, கட்டிடத்தினுள் ஒதுங்குதலே முறை.