உடன் நடத்தலும் உடன் உண்ணலும்

இக்காலத்தில் நமது இளைஞரிடையே ஒரு பழக்கம் பரவி வருகிறது. விடுமுறை நாளில் நான்கைந்து சிநேகிதர் ஒன்றுகூடி, காலை முதல் இரவு வரை தெருத் தெருவாக நடந்து, ஓரிடத்தில் தோசை, மற்றோரிடத்தில் கோப்பி, நண்பகலில் வாழையிலைச் சோறு, வெயில் தாழ்ந்தபின் செண்டோல் என்று கடை கடையாக உண்டு திரும்புவதே அது. பெரியோர் சிலர் இதை வீண் செலவு என்று கடிந்துகொள்கிறார்கள். இளைஞரோ நாவுக்கு ருசி என்று மகிழ்கிறார்கள். இரு சாராரும் கவனியாத விஷயம் ஒன்று இதனுள் இருக்கிறது. இந்த ஒரு நாள் உலாவுக்கு மூன்று உரிமைகள் வேண்டும்: இஷ்டப்படி நடக்கும் உரிமை, விரும்பியவரோடு கூடும் உரிமை, எவர் அருகிலும் உட்கார்ந்து உண்ணும் உரிமை. இம்மூன்றும் நம் பாட்டன்மாருக்கு இருந்தனவா என்பதே நமது கேள்வி. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை, உண்டு செல்லும் வழியிலேயே அதற்கு விடை தேடலாம்.

காலைப் பசிக்குப் பெரும்பாலோர் நாடுவது பிரிக்பீல்ட்ஸ். அப்பெயரே ஒரு சரித்திரம். 1857இல் கிள்ளான் நதியும் கோம்பாக் நதியும் கூடுமிடம் வரை படகேறி, அம்பாங்கில் ஈயம் தோண்டச் சென்ற சீனத் தொழிலாளரில் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரும் பின்வந்தோரும் எழுப்பிய ஊர் மரமும் ஓலையுமாக இருந்தது. 1881இல் அவ்வூரை நெருப்பு அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் புகுந்தது. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டுமென்ற விதி வந்தது. அதற்காகச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் என்றாயிற்று. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. தண்டவாளம் போட்டவர் தமிழ்நாட்டுக் கூலிகள். கணக்கெழுதிய கிராணிமாரில் பலர் யாழ்ப்பாணத்தார். இட்டிலியும் தோசையும், புட்டும் இடியப்பமும் ஒரே தெருவில் சேர்ந்தது இவ்வாறுதான். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதம மந்திரிகள் அவ்விடத்தை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். வளைவும் விளக்கும் அன்று வந்தன. அடுப்பு மூட்டியவர் அவற்றுக்கு நூறாண்டு முன்பே வந்துவிட்டனர்.

நண்பகலில் பட்டணத்தின் நடுவே வந்தால், செட்டிமார் வட்டிக்கடை வைத்திருந்த அம்பாங் தெருவும், தமிழ் முஸ்லிம்களின் கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியாவும் அடுத்தடுத்து எதிர்ப்படும். அங்கே ஒரு தட்டு மீ கோரெங்கைக் கவனியுங்கள். மீ சீனருடையது, அதைப் புரட்டும் கையும் மசாலையும் தமிழ் முஸ்லிமுடையவை, பெயரோ மலாய். பக்கத்தில் நுரை பொங்க ஆற்றித் தரும் தேத்தண்ணீரில் தோட்டத்துத் தேயிலையும் டின் பாலும் கலந்திருக்கின்றன. எந்தப் பண்டிதரும் கூடி ஆலோசித்து இவற்றைச் செய்யவில்லை. கூலிக்காரரின் பசி செய்த சமரசம் இது.

ஒரே கோப்பிக்கடையில் மலாய்க்காரர் பன்றி உண்ணார். இந்துக்களில் பலர் மாடு உண்ணார். சைவர் மீனும் தொடார். ஆயினும் எல்லோரும் அருகருகே இருந்து தேநீர் அருந்துகிறார்கள். இன்ன பண்டம் உண்ணேன் என்பது ஒருவன் தன் நாவுக்கு இட்டுக்கொள்ளும் விரதம். இன்ன மனிதனோடு உண்ணேன் என்பது அயலான் நெஞ்சில் இடும் சூடு. முன்னதை மதிப்பது நாகரிகம். பின்னதைப் பொறுப்பது அடிமைத்தனம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'ஆசாரம்' என்று ஒரே பெயரிட்டு வைத்ததே நம்மவர் செய்த பெரும்பிழை.

அப்பிழையின் விளைவைத் தாய்நாட்டில் பார்த்தோம். வ.வே.சு. ஐயர் தேசத்தொண்டு கருதிப் பொதுப் பணத்தில் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி வைத்த செய்தி வெளிவந்தபோது, 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்து நின்றனர். இரண்டு இலை விஷயத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று அன்று கேட்டோர் உண்டு. ஆனால் சுதந்திரம் கிடைத்துப் பத்தாண்டு கழிந்த 1957இலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பல மாதம் மறியல் நடந்தது. பலர் சிறை புகுந்தனர். இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். வெள்ளையருக்கே அம்மேசை என்று மறுத்தார்கள். அவர்கள் எழுந்து போகவில்லை. உலகெங்கும் மனிதனைத் தாழ்த்தியவர் முதலில் அவனை விலக்கி வைத்த இடங்களில் பந்தியும் ஒன்று.

இனி மாலையில் கிள்ளானுக்குப் போவோம். 1886இல் தொடங்கிய அதே வழியில் இன்று மின்ரயில் ஓடுகிறது. துறைமுகச் சீனத் தொழிலாளரின் உணவாக வளர்ந்ததென்று சொல்லப்படும் பக் குட் தே இவ்வூரின் கீர்த்தி. 2024இல் அது தேசியப் பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்டது. தெங்கு கிளானா சாலையிலோ வடையும் முறுக்கும் மாலைக் கட்டுகளும் நிறைந்திருக்கின்றன. ஆனால் இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை நினையாமல் நாம் இங்கே உண்ண முடியாது.

சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது என்பது உண்மையே. எனினும் கங்காணியின் கை ஓங்கியே இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டித் திரும்பிய தொழிலாளிக்குக் கடை என்பது இரண்டே: பற்றெழுதும் மளிகைக்கடை, சம்பளத்தை விழுங்கும் கள்ளுக்கடை. பல தோட்டங்களில் லயங்களும் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டிருந்தன. 1938இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடுத்துவிட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. கள்ளுக்கடையை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். வாசகர்களே, இக்கோரிக்கைகளை மறுபடி படியுங்கள். நண்பன் வீட்டுக்கு வரவும், தலை நிமிர்ந்து சாலையில் செல்லவும் போராட வேண்டியிருந்தது! முன்னின்றவரும் 'தமிழ் நேச'னில் பணியாற்றியவருமான ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிக்கு ஐவர் பலியாயினர்.

ஆகவே இன்று நம் பிள்ளைகள் சிநேகிதர் தோள்மேல் கைபோட்டு, கடை கடையாக நடந்து உண்பதைக் கேவலம் தீனி என்று நாம் தள்ளமாட்டோம். நடப்பதற்கும் கூடுவதற்கும் கிள்ளானில் உயிர் கொடுத்தவர் இருந்தனர். உடனுண்பதற்குத் தமிழ்நாட்டில் சிறை சென்றவர் இருந்தனர். அவர்கள் கொடுத்த விலையை அறியாமல் உண்பதே நமக்குக் குறையாகத் தோன்றுகிறது.

மற்றொரு குறையும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. கோப்பிக்கடையில் ஒரே மேசையில் உண்டவர், வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தவுடன், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று மெல்லக் கேட்கிறார். காசு கொடுத்து உண்ணும் இடத்தில் சாதியை மறந்து, அன்பால் உண்ணும் இடத்தில் அதைத் தேடி எடுப்பது என்ன நியாயம்? கடைக்காரன் இலாபங்கருதி எல்லோரையும் உட்காரவைத்தான். இலாபம் கருதாத நாம் அதைச் செய்யக் கூசுகிறோம்.

இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே. நடங்கள், நன்றாக உண்ணுங்கள். ஆனால் அடுத்த முறை உலாவை ஒரு கடையில் முடிக்காதீர்கள். உங்களில் ஒருவர் வீட்டில் முடியுங்கள். அதற்கடுத்த முறை மற்றொருவர் வீட்டில் முடியுங்கள். தாய்மார் கையால் எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை விழட்டும். தெருவில் பாதி வென்ற சமத்துவம், அடுக்களைக்குள் புகுந்தால்தான் முழுதும் வென்றதாகும்.