குளத்துப் பாசியும் பெட்ரோல் கனவும்

மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போகிற நம்மில் பலரும் அருகிலுள்ள பேங்ஹோமைக் கவனித்திருக்க மாட்டோம். அங்குள்ள கிழக்குச் சுத்திகரிப்பு நிலையம் 1975 முதல் இயங்குகிறது. நகரத்துக் கழிவுநீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கே போய்ச் சேர்கிறது. கசடிலிருந்து வரும் வாயுவில் மின்சாரமும் தயாராகிறது. ஒரு நாள் கோவிலிலிருந்து திரும்பும்போது மகள் கேட்டாள்: “அந்தத் தண்ணீரில் பாசி வளர்த்து, அதில் கார் ஓட்ட முடியாதா அப்பா?”

கேள்வி புதிதல்ல. 1950களிலேயே கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டும் கிளாரன்ஸ் கோலூக்கும் கழிவுநீர்க் குட்டைப் பாசியிலிருந்து மீத்தேன் எடுக்க முயன்றார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1978இல் அமெரிக்க அரசு பாசி எரிபொருள் ஆய்வைத் தொடங்கியது. பெட்ரோல் மலிவாகவே கிடைத்த 1996இல் அதை மூடியது. 2009இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கிய எக்ஸான்மொபிலும் 2023க்குள் விலகிக்கொண்டது.

பாசி வளராமல் இல்லை. சிக்கல் அறுவடையில். திறந்த குட்டையில் ஒரு டன் தண்ணீரை வடித்தால் சுமார் அரை கிலோ உலர்பாசிதான் தேறும். வடிக்க, உலர்த்த, எண்ணெய் பிரிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் செலவாகிறது.

இதே பாசியைச் சென்னையில் ஒருவர் வேறு விதமாகப் பார்த்தார். முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த சி.வி. சேஷாத்ரி, ஸ்பைருலினாவைக் கிராமத்திலேயே வளர்த்துச் சத்துணவாக்கும் வழிகளை ஆராய்ந்தார். 1982இல் வளர்ச்சியையும் வெப்ப இயக்கவியலையும் இணைத்து ஒரு நூலும் எழுதினார். உயர்வெப்பத்தில் ஓடும் இயந்திரத்தையே திறனுக்கு அளவுகோலாக வைத்தால், சாதாரண வெப்பநிலையில் நடக்கும் ஒளிச்சேர்க்கையும் பருவமழையும் மதிப்பிழந்துவிடும் என்பது அவர் வாதம்.

பாசி எரிபொருளின் வரலாற்றை அந்த வாதத்தோடு சேர்த்துப் படிக்கலாம். வெயிலில் நிதானமாக வளர்வதை எஞ்சினுக்குத் தீனியாக்கப் போனபோதுதான் கணக்கு உதைத்தது.

உணவின் கதையும் நேராகப் போகவில்லை. இன்று புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் விளையும் ஸ்பைருலினா வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறது. கிராமத்துப் பிள்ளைக்கென்று நினைத்த சத்து, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் மாத்திரையாகிவிட்டது.

மகளிடம், “முடியும். ஆனால் கார் ஓட்டத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும்” என்றேன்.