தூம்பும் நடைபாதையும்: பெங்களூர் ஏரி மீட்பின் வரலாறு குறித்து

பெங்களூரின் ஏரி மீட்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'அரசு கைவிட்டதை மக்கள் காத்தனர்' என்ற ஒற்றை வரியில் கதையை முடித்துவிடுகின்றனர். அவ்வரி பொய்யன்று. ஆயினும் நீண்ட வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது: மக்களிடம் திரும்பி வந்திருப்பது எது?

பெங்களூருக்கு வற்றாத ஆறு இல்லை. மழைநீரைப் பள்ளங்களில் கரையிட்டுத் தேக்கியே இங்கு ஊர்கள் எழுந்தன. அகரத்தில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஏரிக்குத் தூம்பு அமைத்த செய்தியைச் சொல்கிறது. விபூதிபுரத்தில் உள்ள ஹொய்சள வல்லாளன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, காடு திருத்தி ஏரி கண்டு ஊர் அமைத்ததைச் சொல்கிறது. தமிழின் 'தூம்பு', கன்னடத்தின் 'தூபு' இரண்டும் ஒரே வேரின. தூம்பைத் திறந்து, வயல்களுக்கு முறைவைத்து நீர் பகிர்ந்தவர் 'நீருகண்டி' எனப்பட்டார். ஏரியைக் கட்டியோருக்கும் பழுதுபார்த்தோருக்கும் 'கொடகி' என்ற நிலமானியம் இருந்தது. பராமரிக்கும் கடமையும் நீர் மீதான உரிமையும் பிரியாதிருந்த ஏற்பாடு இது. அதில் சாதிப் படிநிலையும் இருந்தது என்பதை மறந்து அதனைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை.

இந்தப் பிணைப்பைத் தளர்த்தியது குழாய்நீர். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974இல் காவிரியிலிருந்தும் நீர் வந்தது. வயல்கள் மனைகளாயின, ஏரி 'காலி நிலம்' ஆயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. அதைச் சார்ந்து தோட்டப்பயிர் செய்த திகளர்களின் கரகத் திருவிழாவுக்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது.

1980களில் லட்சுமண் ராவ் குழு எஞ்சிய ஏரிகளைக் காக்கப் பரிந்துரைத்தது. 2000களில் சில ஏரிகள் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோது, 2008இல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அதே காலத்தில்தான் குடியிருப்போர் களத்திலும் இறங்கினர். சர்ஜாபூர் சாலையை ஒட்டிய சுமார் 48 ஏக்கர் கைகொண்டனஹள்ளி ஏரியை 2009 முதல் குடிமக்களும் ஆய்வாளர்களும் மாநகராட்சியும் இணைந்து மீட்டனர். அங்கே மாட்டுக்குப் புல் அறுப்போருக்கும் மீன் பிடிப்போருக்கும் இடம் விடப்பட்டது குறிப்பிடத்தக்கது. புட்டேனஹள்ளியில் குடியிருப்போர் அமைத்த அறக்கட்டளை, 2011இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து பராமரிப்பை ஏற்றது. இவை மெய்யான சாதனைகள்.

எனினும் ஏரி தனித்த நீர்நிலையன்று. ஒரு சங்கிலியின் கண்ணி. மேல் ஏரியின் உபரிநீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுசென்ற 'ராஜகாலுவே' இன்று பல இடங்களில் கழிவுநீரைச் சுமக்கிறது. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. 2017 பிப்ரவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பற்றிப் புகைந்ததன் காரணத்தை அதன் கரையில் மட்டும் தேடிப் பயனில்லை. அங்கிருந்து வழியும் நீர் வர்த்தூர் கடந்து தென்பெண்ணையில் கலந்து ஓசூர்ப் பக்கம் வருகிறது. பெங்களூரின் கழிவுக்குக் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையே சாட்சி.

என் வாதம் இதுதான். நீருகண்டியின் உழைப்பு இன்று தன்னார்வலரிடம் வந்துள்ளது. அவருடைய அதிகாரம் வரவில்லை. கரையில் மரம் நடவும், ஆகாயத்தாமரையை அகற்றவும், நடைபாதையைப் பேணவும் அவர்களால் முடியும். கால்வாயில் என்ன வருகிறது, மேலே எந்தக் கட்டடத்துக்கு அனுமதி தரப்படுகிறது என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. புல் அறுப்பவரும் மீன் பிடிப்பவரும் அந்தத் தன்னார்வலர் கூட்டத்தில்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே, நகர்ப்புறப் பொதுவளங்களை ஆராயும் நண்பர்கள், எத்தனை ஏரிகள் மீட்கப்பட்டன என்ற கணக்கோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் ஏரியிலும் நீர்வரத்து குறித்து முடிவெடுப்பவர் யார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.