நான்காம் இடத்தில் நின்ற இரண்டு அணிகள்



நம் பள்ளிகளில் மாணவர்கள் ‘போலா பாலிங்’ என்று மலாய்ப் பெயரால் அழைக்கும் ஆட்டத்தைத் தமிழில் எறிபந்து என்கிறோம். கைப்பந்து என்றால் வலைக்கு மேலே தட்டி ஆடும் ஆட்டமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் எறிபந்து என்னும் சொல்லையே ஆள்கிறேன். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திடலில், அணிக்கு எழுவராக நின்று, 30 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்படும் விரைவான ஆட்டம் இது. காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் கிடைக்கும் விளம்பரம் இதற்கு நம் வட்டாரத்தில் கிடைப்பதில்லை. அதனாலேயே, 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் எறிபந்துப் போட்டியில் நிகழ்ந்த ஒரு வியப்பு நம்மில் பலர் கண்ணில் படாமலே போயிற்று.

அப்போட்டியின் இறுதியாட்டத்தில் நார்வேயும் மாண்டினீக்ரோவும் மோதின. நார்வே 26-23 என்னும் கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. இதில் வியப்பு என்ன? இவ்விரு அணிகளுமே தத்தம் குழுவில் நான்காம் இடத்தைப் பிடித்தவை! குழுச் சுற்றில் முதலிடம் பெற்ற இரண்டு அணிகளும் அரையிறுதியைக்கூட எட்டவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, முதலில் குழுச் சுற்று என்னும் ஏற்பாடு எப்படி வளர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

மகளிருக்கான உள்ளரங்க எறிபந்தின் முதல் உலகப் போட்டி 1957-இல் அன்றைய யுகோஸ்லாவியாவில் நடைபெற்றது. 9 நாடுகள் பங்கேற்ற அப்போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா வாகை சூடியது. ஒலிம்பிக்கின் கதவு மகளிருக்குத் திறக்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின. ஆடவர் உள்ளரங்க எறிபந்து 1972-இல் மியூனிக் நகரில் இடம்பெற்றுவிட, மகளிர் அணிகள் 1976-இல்தான் மொண்ட்ரியால் நகரில் களம் கண்டன. சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி, ருமேனியா, ஜப்பான், கனடா ஆகிய ஆறே அணிகள். குழுப் பிரிவு இல்லை. இறுதியாட்டம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஆட வேண்டும். ஆடி முடித்தபின் புள்ளிப் பட்டியலே தீர்ப்பு. சோவியத் மகளிர் ஐந்திலும் வென்று தங்கம் பெற்றனர். கிழக்கு ஜெர்மனியும் ஹங்கேரியும் சம புள்ளிகளோடு நின்றன. அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டமோ 7-7 எனச் சமனில் முடிந்திருந்தது. (இன்று ஓர் அணி மட்டுமே 30 கோல்கள் அடிப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 14 கோல்கள் என்பது நம்ப முடியாததாய்த் தோன்றும்.) இறுதியில் கோல் வேறுபாட்டால் கிழக்கு ஜெர்மனிக்கு வெள்ளி கிட்டியது.

இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. ஒரு நாள் காய்ச்சலோ ஒரு நடுவரின் பிழையோ ஓர் அணியின் முழு உழைப்பையும் வீணாக்கிவிடாது. ஆனால் பார்வையாளருக்கு அதில் சுவை குறைவு. தங்கம் யாருக்கு என்பது கடைசி ஆட்டத்திற்கு முன்னரே முடிவாகிவிடக்கூடும். 1980-இல் மாஸ்கோவிலும் 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் இம்முறையே தொடர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தென் கொரியா வெள்ளியும் சீனா வெண்கலமும் வென்றன என்பது ஆசியர்களாகிய நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. 1988-இல் சியோலில் அணிகள் எட்டாயின. நந்நான்காக இரு குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றவை மீண்டும் ஒரு நால்வர் பட்டியலில் சேர்ந்து ஆடின. அங்கும் தனி இறுதியாட்டம் இல்லை. சொந்த மண்ணில் தென் கொரிய மகளிர் தங்கம் வென்றனர்.

1992-இல் பார்சிலோனாவில்தான் அரையிறுதி, இறுதி என்னும் ஏணி வந்தது. 2000-இல் அணிகள் பத்தாகிக் காலிறுதியும் சேர்ந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் அணிகள் பன்னிரண்டு ஆயின. ஆறு அணிகள் கொண்ட இரு குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குச் செல்லும் என்னும் அமைப்பு அப்போது உருவானது. இலண்டன் பெற்றுக்கொண்டது இந்த அமைப்பைத்தான்.

இனி அந்தக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். ஒரு குழுவில் ஆறு அணிகள் என்றால் 15 ஆட்டங்கள். இரு குழுக்களுக்கும் சேர்த்து 30. இந்த 30 ஆட்டங்களும் ஒன்பது நாள்கள் நடந்து, வெளியேற்றுவது நான்கே நான்கு அணிகளைத்தான். அதன் பின்னர் வரும் காலிறுதி ஒரே நாளில், நான்கே ஆட்டங்களில், மேலும் நான்கு அணிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. முதற்பகுதி பொறுமையின் தேர்வு. இரண்டாம் பகுதி ஒரு மணி நேரத் தேர்வு. இரண்டும் அளப்பது ஒன்றையே அன்று.

இலண்டனில் ‘காப்பர் பாக்ஸ்’ எனப்பட்ட, செம்புத் தகடு போர்த்திய அரங்கில் குழுச் சுற்று நடைபெற்றது. ‘ஏ’ குழுவில் பிரேசில், குரோவேசியா, ரஷ்யா, மாண்டினீக்ரோ, அங்கோலா, பிரிட்டன் ஆகியன இடம்பெற்றன. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. பிரேசிலும் குரோவேசியாவும் 8 புள்ளிகள் பெற, பிரேசில் முதலிடத்தில் நின்றது. ரஷ்யா 7, மாண்டினீக்ரோ 5, அங்கோலா 2. போட்டியை ஏற்று நடத்திய பிரிட்டன் ஐந்திலும் தோற்றுச் சுழியத்தில் நின்றது. எறிபந்து வேரூன்றாத நாட்டில், ஒலிம்பிக்கிற்காகவே வளர்க்கப்பட்ட அணி அது. அதற்கு வேறு முடிவை எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது.

‘பி’ குழுவோ முட்களின் மேல் நடப்பது போன்றது. பிரான்சு, தென் கொரியா, ஸ்பெயின், நார்வே, டென்மார்க், சுவீடன். எளிய எதிரணி என்று சொல்ல அதில் ஒன்றுகூட இல்லை. 1996, 2000, 2004 எனத் தொடர்ந்து மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற டென்மார்க் இங்கு 2 புள்ளிகளோடு வெளியேறியது. சுவீடன் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. இவர்களுக்கு நடுவே நார்வே. 2008 ஒலிம்பிக்கின் தங்கமும், 2010 ஐரோப்பிய வாகையும், 2011 உலக வாகையும் அவ்வணியின் கையில் இருந்தன. பயிற்றுநர் ஐஸ்லாந்து நாட்டவரான தோரிர் ஹெர்கெய்ர்சன். அத்தகைய அணி முதல் ஆட்டத்திலேயே பிரான்சிடம் 23-24 என ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றது. தென் கொரியாவோடு 27-27 எனச் சமன் கண்டது. ஸ்பெயினிடமும் தோற்றது. டென்மார்க்கையும் சுவீடனையும் வென்றதால்தான் 5 புள்ளிகளோடு நான்காம் இடம் கிட்டியது. பிரான்சு 9 புள்ளிகளோடு தோல்வியே காணாமல் முதலிடத்தில் நிமிர்ந்து நின்றது.

ஆகஸ்டு 7-ஆம் நாள் காலிறுதி. ஒரு குழுவின் முதல் அணி மற்றக் குழுவின் நான்காம் அணியோடு மோத வேண்டும். பிரேசில் நார்வேயை எதிர்கொண்டது. முற்பாதியில் முன்னிலையும் பெற்றது. பிற்பாதியில் நார்வேயின் தற்காப்பு அரணை உடைக்க இயலாமல் 19-21 என்று தோற்றது. பிரான்சு மாண்டினீக்ரோவிடம் 22-23 என்று வீழ்ந்தது. ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி பெற்ற இரு அணிகள், ஒரே நாளில், மொத்தம் மூன்று கோல் வேறுபாட்டில் பதக்க வாய்ப்பை இழந்தன.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? பிரான்சுக்கும் பிரேசிலுக்கும் அநீதி நேர்ந்தது என்று சொல்வோர் உண்டு. மொண்ட்ரியால் முறையில் ஆடியிருந்தால் அவ்விரு அணிகளுக்கும் பதக்க வாய்ப்பு மிகுதியாய் இருந்திருக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் என் மனம் மறுபக்கமே சாய்கிறது. நார்வேயின் 5 புள்ளிகளும் பிரேசிலின் 8 புள்ளிகளும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. நார்வே ஆடியது கடுமையான குழுவில். புள்ளிப் பட்டியல் ஒரு குழுவுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்பதைக் கூறுமேயன்றி, மற்றொரு குழுவோடு ஒப்பிடுவதற்கு அது அளவுகோல் ஆகாது. வகுப்பில் நான்காம் இடம் என்று எழுதி வரும் தேர்ச்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வகுப்பில் என்று கேட்க மறந்துவிடும் பெற்றோரை நாம் ஆண்டுதோறும் சந்திக்கிறோம் அல்லவா?

குழுச் சுற்றுக்கு மற்றொரு பயனும் உண்டு. பள்ளிப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். நேரமும் திடலும் போதாமையால் தோற்றால் வெளியேற்றம் என்னும் முறையை வைத்தால், அதிகாலையில் பேருந்தேறி வந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே ஆட்டத்தோடு உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவர். மூன்று அணிகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தாலேனும் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் ஆட்டம் ஒன்று உறுதியாகும். முதல் ஆட்டத்தின் பிழையைத் திருத்திப் பார்க்க இரண்டாம் ஆட்டம் வேண்டுமே!

இம்முறைக்குத் தீங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. அதே இலண்டனில் பூப்பந்து மகளிர் இரட்டையர் பிரிவில் நடந்ததை நம் நாட்டவர் மறந்திருக்கமாட்டார்கள். ஒலிம்பிக் பூப்பந்தில் அவ்வாண்டுதான் குழுச் சுற்று அறிமுகமானது. அடுத்த சுற்றில் எளிய எதிரணி அமைய வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்க முயன்றதாகச் சீனாவின் ஓர் இணையும், தென் கொரியாவின் இரண்டு இணைகளும், இந்தோனேசியாவின் ஓர் இணையும் நீக்கப்பட்டன. தோல்வியால் ஆதாயம் கிடைக்கும் வகையில் விதி அமைந்துவிட்டால், அதைப் பயன்படுத்த நினைப்போரும் தோன்றிவிடுவர்.

எறிபந்து உலகப் போட்டிகளில் இதற்கு ஓரளவு தடை போடும் ஏற்பாடு ஒன்று உண்டு. குழுச் சுற்றில் பெற்ற புள்ளிகளை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்வதே அது. ஆனால் எல்லாப் புள்ளிகளையும் அன்று. தன்னோடு சேர்ந்து முன்னேறிய அணிகளுக்கு எதிராகப் பெற்றவற்றை மட்டுமே. 2019-இல் ஜப்பானின் குமாமோட்டோ வட்டாரத்தில் நடந்த உலகப் போட்டி இதற்குச் சிறந்த சான்று. முதல் ஆட்டத்தில் நெதர்லாந்து 26-32 என ஸ்லோவேனியாவிடம் தோற்றது. அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் நடப்பு உலக வாகையரான பிரான்சு 27-29 எனத் தென் கொரியாவிடம் தோற்றது. பிரான்சு பின்னர் பிரேசிலோடு சமன் கண்டு, டென்மார்க்கிடமும் தோற்றுக் குழுச் சுற்றிலேயே வெளியேறியது. நெதர்லாந்தோ நார்வேயையும் செர்பியாவையும் வென்றது; அவ்விரு அணிகளும் அதனோடு முன்னேறின; ஸ்லோவேனியா முன்னேறவில்லை. ஆகவே முதல் நாள் தோல்வி கணக்கிலிருந்தே மறைந்து, முழுமையாக 4 புள்ளிகள் கூடவே வந்தன. இரண்டாம் சுற்றில் நெதர்லாந்து தடுமாறியபோதும், செர்மனி தன் கடைசி ஆட்டத்தில் நார்வேயிடம் தோற்றதால் அரையிறுதி வாய்ப்புக் கிட்டியது. இறுதியாட்டத்தில் 30-29 என ஸ்பெயினை வென்று, அந்நாடு முதன்முறையாக உலக வாகை சூடியது. வெற்றிக் கோல், கடைசி நொடிகளில் லோயிஸ் ஆபிங் அடித்த ஏழு மீட்டர் தண்ட எறி.

இதற்கு நேர்மாறான கதை 2011-இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் உண்டு. அங்கு முதல் ஆட்டத்தில் ஜெர்மனி 31-28 என நார்வேயை வீழ்த்தியது. நார்வே பிறகு உலக வாகையரானது. ஜெர்மனியோ அக்குழுவைக்கூடத் தாண்டாமல் 17-ஆம் இடத்தில் முடிந்தது. நார்வேக்கு முதல் ஆட்டத் தோல்வி ஒரு பழக்கமோ என்று எண்ணத் தோன்றுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அது முதல் ஆட்டத்தில் 28-32 என சுவீடனிடம் தோற்று, இறுதியில் 29-21 எனப் பிரான்சை வென்று தங்கம் பெற்றது. பயிற்றுநர் அதே ஹெர்கெய்ர்சன்தான்.

இலண்டனில் வெள்ளி வென்ற மாண்டினீக்ரோ, 2006-இல்தான் தனி நாடானது. விடுதலைக்குப் பின் அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. போட்டியிலேயே மிகுதியான கோல்கள் அடித்தவரும் அவ்வணியின் கத்தரீனா புலாத்தோவிச்சே, 53 கோல்கள். அவ்வாண்டு டிசம்பரில் பெல்கிரேடு நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அவ்விரு அணிகளே மீண்டும் சந்தித்தன. இருமுறை கூடுதல் நேரம் ஆடியபின் 34-31 என மாண்டினீக்ரோ வென்றது.

பிரேசில் மகளிர் ஓராண்டு காத்திருந்தனர். 2013-இல் அதே பெல்கிரேடில், ஒன்பது ஆட்டங்களையும் வென்று, இறுதியில் 20,000-க்கு அருகில் திரண்ட உள்ளூர்ப் பார்வையாளர் முன்னிலையில் செர்பியாவை 22-20 என வீழ்த்தி உலக வாகை சூடினர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல் அணி அது. 2016-இல் ஒலிம்பிக் அவர்களுடைய சொந்த மண்ணுக்கு, ரியோ நகருக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் நார்வேயை 31-28 என வென்றனர். குழுவில் மீண்டும் முதலிடம் பிடித்தனர். காலிறுதியில் எதிரே வந்து நின்றது மற்றக் குழுவில் நான்காம் இடம் பெற்ற நெதர்லாந்து. ஆட்டம் 23-32 என முடிந்தது. பிரேசில் மீண்டும் பதக்கமின்றி வெளியேறியது.