பெரம்பூர் சங்கமும் புளியந்தோப்புச் சேரியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சங்க வேலை செய்யும் இளம் தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உறுப்பினர் படிவத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், கூட்டம் என்றால் அதே பத்துப் பதினைந்து முகங்கள்தான் வருகின்றன, மற்றவர்களை எப்படி வரவைப்பது? வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான். வாட்ஸ்அப் குழு தொடங்கு, ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துக் கூட்டம் வை, புதியவர்களைப் பேசவிடு. எல்லாம் சரியே. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வராதவர்கள் யார்? அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்?

இதைக் கேட்காமலே வளர்ந்த ஒரு சங்கத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரம்பூர் போனால் போதும்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் சங்கம். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் உடன் நின்றவர்கள். பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்லாத ஒரு செய்தி உண்டு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் மில் தொழிலாளர்கள் அல்ல, அந்தப் பகுதியின் வணிகர்கள். அவர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பெயரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்தி வந்தார்கள். மில்லில் நடக்கும் கொடுமைகளைத் தொழிலாளர்கள் வந்து சொல்லிப் புலம்பிய இடம் அதுதான். சங்கம் அந்தப் புலம்பலிலிருந்து முளைத்தது.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. எந்தச் சங்கமும் ஏற்கெனவே மனிதர்கள் கூடும் ஓர் இடத்திலிருந்துதான் தொடங்கும். டீக்கடை, கோயில் திண்ணை, கிரிக்கெட் மைதானம், கம்பெனி பஸ் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்துக்குள் யார் தயங்காமல் நுழைவார்கள், யார் வாசலில் நின்று யோசிப்பார்கள் என்பது சங்கத்தின் முதல் உறுப்பினர் பட்டியலை எழுதிவிடுகிறது. 1918இல் சென்னையில் ஒரு வைணவ பஜனை சபாவின் வாசல் சேரிக்காரருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று சமூகவியல் படித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஆனாலும் ஆதிதிராவிடர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். முஸ்லிம்களும் சேர்ந்தார்கள். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், அதைத் தமிழில் சொல்வார்கள், மில் ஆட்கள் வாரந்தோறும் கூடிக் கேட்பார்கள். முதலில் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம்தான் கிடைத்தது. பசி எல்லோருக்கும் பொது என்பதால் அந்தக் கோரிக்கை எல்லோரையும் இழுத்தது. (நூறு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்ததும் சாப்பாட்டுக்காகத்தான். விடுதி உணவில் நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.)

1920 இறுதியில் வந்த மோதலில் சங்கம் தோற்றது. கம்பெனி வாடியா உள்ளிட்டவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த வழக்கின் அதிர்ச்சியிலிருந்துதான் பின்னாளில் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பது தனிக்கதை. நமக்கு முக்கியம் அடுத்த ஆண்டு. 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் மீண்டும் வேலை நின்றது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் இந்த முறை சேரவில்லை. வேலைக்குப் போனார்கள்.

சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்த எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். அவர் கம்பெனிக்கு விலைபோனார் என்று எழுதியவர்கள் உண்டு. நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு போராட்டம் தோற்று, கூலியில்லாத நாட்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். வேலை நின்றால் ஊர்த்தெருக்காரருக்குக் கடன் கொடுக்கச் சொந்தக்காரர் இருப்பார், கிராமத்தில் ஒரு காணி இருக்கும். சேரியில் அடுத்த வேளையே கேள்வி. இத்தனை இழக்கப்போகிறவர்களிடம் வேலைநிறுத்தம் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டதா, முடிவு சொல்லப்பட்டதா? முடிவெடுக்கும் இடத்தில் அவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? 'கருங்காலி' என்ற ஒற்றைச் சொல்லால் இந்தக் கேள்விகளை மூடிவிட முடியாது.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. பதில் தாக்குதல்களும் நடந்தன. கூலிச் சண்டையாகத் தொடங்கியது ஊருக்கும் சேரிக்குமான சண்டையாக முடிந்தது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. வீடிழந்தவர்களுக்கு அரசின் தொழிலாளர் துறை உதவியபோது, அந்தத் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நீதிக்கட்சியின் பெரிய தலைவர்களே குற்றம் சாட்டினார்கள். பிராமணரல்லாதார் என்ற ஒரே குடைக்குள் நமக்கு எவ்வளவு இடம் என்பதை ராஜா அப்போது பார்த்தார். 1923இல் அந்தக் கட்சியைவிட்டு வெளியேறினார். வேலைநிறுத்தம் அக்டோபரில் தோல்வியில் முடிந்தது. கம்பெனி இந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிளவைக் கம்பெனி உருவாக்கவில்லை. அது சங்கத்துக்கு முன்பே இருந்தது. சங்கம் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்கு பம்பாயில் சான்று இருக்கிறது. அங்கே பஞ்சாலைகளில் அதிகக் கூலி கிடைப்பது நெசவுப் பிரிவில். அங்கே தலித்துகளைச் சேர்க்கமாட்டார்கள். காரணம், ஊடை நூல் மாற்றும்போது நூலை வாயால் இழுக்க வேண்டும், எச்சில் பட்ட நூலை மற்றவர்கள் தொடமாட்டார்கள். தடுத்தது முதலாளி அல்ல, உடன் வேலை செய்த தொழிலாளி. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் இதை நேராக வைத்தார். நெசவுப் பிரிவில் எங்கள் ஆட்களுக்கு உரிமை என்பதும் கோரிக்கைப் பட்டியலில் வர வேண்டும், வராவிட்டால் அவர்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகியிருக்கச் சொல்வேன் என்றார். மனமில்லாமல்தான் என்றாலும் சேர்த்தார்கள். அதைப் பார்த்த ஆலை முதலாளிகள், இந்த அநியாயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மை!

பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசும்போதும் இதே நெசவுப் பிரிவை அவர் எடுத்துக்காட்டினார். ரயில்வேயில் தலித் கேங்மேனாகவே ஓய்வு பெறுவதையும் சொன்னார். போர்ட்டர் வேலைகூட இல்லை, ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரண்டு எதிரிகளை அவர் பெயர் சொல்லி அழைத்தது இந்தப் பேச்சில்தான். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. நம் பிரச்சினையையும் சேர்த்துப் பேச இடம் இருந்தால் நாம் ஒதுங்கி நிற்பவர்கள் அல்ல. 1943இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான்.

கோலார் தங்கவயலையும் மறக்கக் கூடாது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பான்மை தமிழ் தலித்துகள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பத்திரிகை படித்தார்கள், கூட்டம் நடத்தினார்கள், தாங்களே பேசினார்கள். கைரேகைப் பதிவைக் கம்பெனி கொண்டுவந்தபோது 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். பேசிப் பழகியவர்களை வேலைநிறுத்தத்துக்குத் தனியாகக் கூப்பிட வேண்டியிருந்திருக்காது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் போராடினார்கள். சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பதிவுக்கே இவ்வளவு பாடு. 1926 சட்டப்படி ஏழு பேர் போதும் என்றிருந்ததை 2001 திருத்தம் மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர் (எது குறைவோ அது) என்று உயர்த்தியது. எண்ணிக்கை காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கும்போது, எளிதில் கிடைப்பவர்களைச் சேர்த்துப் பட்டியலை முடிக்கத்தான் தோன்றும். எளிதில் கிடைப்பவர் நிரந்தரத் தொழிலாளி, ஆண், ஊர்த்தெருவில் அறை எடுத்தவர்.

கம்பெனி கேன்டீனில் ஒரே தட்டு, ஒரே வரிசை. சீருடை போட்டால் சாதி தெரியாது என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கியதும் தெரிந்துவிடுகிறதே! ஒரகடம் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், ஊரா காலனியா என்பது இரண்டாவது கேள்வியாக வரும். ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள், துப்புரவும் தோட்டமும் பார்க்கும் உள்ளூர்ப் பெண்கள் ஆகியோரில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் சங்கமாவது எண்ணியிருக்கிறதா? அவர்களுக்குச் சங்கத்தில் இடமே இல்லையென்றால் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது.

நாங்கள் போகும் கிராமங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். சந்தாவைப் போனில் அனுப்பச் சொல்லும் வழக்கம் வந்தபின், சந்தா வாங்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. முன்பு அதற்காகவாவது நிர்வாகி ஒருவர் காலனிக்குள் நடந்து வந்து, பாயில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அந்தத் தண்ணீரைக் குடித்தாரா இல்லையா என்பதை வைத்தே எங்கள் அம்மாக்கள் சங்கத்தை எடை போட்டுவிடுவார்கள்.

உங்கள் சங்க உறுப்பினர் பட்டியல், செயற்குழுப் பட்டியல், கடைசி ஆறு கூட்டங்கள் நடந்த இடங்கள், இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். ஜெய்பீம்.