ஒரே மனிதர் வரைந்த இரு படகுகள்



பள்ளி விடுமுறையில் கோலா பெசூட்டிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்கு விரைவுப்படகில் சென்று வந்த எவரையேனும் கேட்டுப் பாருங்கள். தீவின் அழகைச் சொல்வதற்கு முன், படகு அலைமேல் எழும்பி எழும்பி அறைந்ததையும் இரண்டு நாள் இடுப்பு வலித்ததையும்தான் சொல்வார்கள். முன்வரிசையில் ஆசையோடு அமர்ந்த பிள்ளைகள் பாதி வழியில் பின்வரிசைக்கு இடம் கேட்டு அழுவதும் உண்டு. அந்த அறைதலுக்குப் பின்னே ஒரு நீண்ட வாதம் இருக்கிறது. குடும்பங்கள் பொழுதுபோக்கிற்காக ஓட்டும் எஞ்சின் படகு எந்த வடிவில் இருக்க வேண்டும், அதனை எப்படி ஓட்ட வேண்டும் என்னும் வாதம் அது. அது பெரும்பாலும் நடந்த இடம் அமெரிக்கா. அதைப் பற்றி எழுத வேண்டும் என்பது எனது நெடுநாள் எண்ணம்.

குடும்பத்தின் கைக்குப் படகு எஞ்சின் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். நார்வேயில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். ஏரியின் அக்கரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று தம் வருங்கால மனைவி பெஸ்ஸுக்காக ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அதனால்தான் அவர் படகு எஞ்சின் செய்யத் துணிந்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை இனிப்பானது, எவ்வளவு உண்மையோ! படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினை முதலில் செய்தவர் அவர் அல்லர் என்பது மட்டும் உறுதி. ஆயினும் 1909இல் மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சின்தான் பொதுமக்களிடம் பரவியது. ஏறத்தாழ 28 கிலோ எடை. விளம்பரத்தையும் கணக்கையும் கவனித்துக்கொண்டவர் பெஸ். அவர் இல்லாதிருந்தால் அந்த எஞ்சின் பட்டறையிலேயே கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். எவின்ரூட் என்னும் பெயரில் எஞ்சின்கள் 2020 வரை வெளிவந்தன.

எஞ்சின் வலிமை கூடக் கூடப் படகின் அடிப்பாகம் பெரிய சிக்கலாயிற்று. மெதுவாகச் செல்லும் படகு நீரைப் பிளந்துகொண்டு போகும். வேகம் ஒரு அளவைக் கடந்தால் படகு நீர்மேல் எழுந்து, பலகை சறுக்குவதுபோல் சறுக்கத் தொடங்கும். சறுக்குவதற்குத் தட்டையான அடிப்பாகமே எளிது. குறைந்த எஞ்சின் வலிமையே போதும். ஆனால், அலையில் எழும்பி விழும்போது தட்டையான அடி நீரை அறையும். நீச்சல் குளத்தில் வயிறு பட விழுகின்ற பையனையும் கைகளைக் குவித்துப் பாய்கின்ற பையனையும் நினைத்துக்கொண்டால் இது விளங்கும். எனவே அக்காலப் படகு வடிவமைப்பாளர்கள் ஓர் இடைவழியைப் பின்பற்றினர். முன்பகுதியைக் கூராக்கி, பின்னோக்கிச் செல்லச் செல்ல அடியைத் தட்டையாக்கினர். அமைதியான ஏரியில் இது நன்றாகவே ஓடியது. கடலில் வேகமெடுத்தாலோ படகின் பின்பாதிதான் நீரைத் தொடும். அங்கேயோ அடி தட்டை! கூரான முன்முனை அலையில் புதைந்து படகைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பிவிடும் ஆபத்தும் இருந்தது.

இங்கேதான் ரே ஹண்ட் வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தவர், 1908இல் பிறந்து 1978இல் மறைந்தவர். கப்பல் கட்டும் கலையை முறையாகக் கல்லூரியில் பயிலாதவர். அவருடைய எண்ணம் எளியது: முன்னே உள்ள 'வி' வடிவத்தைப் பின்முனை வரை குறையாமல் கொண்டு சென்றால் என்ன? அடிப்பாகம் இரு பக்கமும் ஏறத்தாழ 24 பாகைச் சரிவோடு பின்முனை வரை செல்லும். அதன்மேல் நீளவாக்கில் சில விளிம்புகள். அவை நீரை வெளியே தள்ளிப் படகைச் சற்றே தூக்கிவிடும். இதனை 'ஆழ்ந்த வி' வடிவம் என்கிறார்கள்.

1958இல் நியூபோர்ட் நகரில் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் பந்தயம் நடந்தபோது, ஹண்டின் சிறு படகொன்று கொந்தளிப்பான நீரில் சிரமமின்றி ஓடுவதை மயாமியைச் சேர்ந்த டிக் பெர்ட்ராம் கண்டார். உடனே 31 அடிப் படகு ஒன்றை வரைந்து தரச் சொன்னார். மரத்தால் கட்டிய அப்படகிற்குத் தம் மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி' என்பதைச் சூட்டினார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாசின் நாசோ வரையிலான பந்தயம் கடுங்காற்றிலும் பேரலையிலும் நடந்தது. மாப்பி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் கரை சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹண்ட் வரைந்த சிறிய படகே. அது இரண்டு மணி நேரம் பின்தங்கி வந்தது. மற்றவை மறுநாள்தான் வந்தன. பெர்ட்ராம் அந்த மரப்படகையே அச்சாக வைத்துக் கண்ணாடியிழைப் படகுகளை வார்க்கத் தொடங்கினார். பெர்ட்ராம் 31 என்னும் அப்படகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தியில் இருந்தது.

வரலாற்று நூல்கள் பலவற்றில் கதை இத்துடன் முடிந்துவிடும். ஆழ்ந்த 'வி' வென்றது, பழைய வடிவம் தோற்றது என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம், மாப்பி பந்தயத்தில் வென்ற அதே காலத்தில் விற்பனையில் இருந்த இன்னொரு படகு. அது முற்றிலும் வேறான வடிவம் கொண்டது. அதனை வரைந்தவரும் அதே ரே ஹண்ட்தான்!

ஹார்வர்டில் மெய்யியல் பயின்ற டிக் ஃபிஷர் என்பவருக்குச் சிறிய, இலேசான, மூழ்காத படகொன்றைச் செய்ய வேண்டும் என்னும் ஆவல். 1950களின் நடுவில் அவர் ஹண்டின் உதவியை நாடினார். அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, ஆல்பர்ட் ஹிக்மன் என்பவர் முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி உருவாக்கிய 'கடல் சறுக்குவண்டி'. அதன் அடி 'வி' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் இருக்கும். அதாவது இரு ஓரங்களும் ஆழ்ந்து, நடுப்பகுதி உயர்ந்திருக்கும். ஓரங்களில் மிதப்பு மிகுதியாதலால் படகு எளிதில் சாயாது. முதலில் செய்து பார்த்தபோது நடுக்குழி காற்றை வாரி உந்துவிசிறிக்கு அனுப்பியது. விசிறி நீரைப் பற்றாமல் வெறுமனே சுழன்றது. அதனால் நடுவில் மூன்றாவது முகடு ஒன்றைச் சேர்த்தனர். இரு கண்ணாடியிழை ஓடுகளுக்கிடையே நுரையை நிரப்பினர். 13 அடி நீளமுள்ள அப்படகு 'பாஸ்டன் வேலர்' என்னும் பெயரில் 1958இல் விற்பனைக்கு வந்தது.

1961இல் 'லைஃப்' இதழில் வந்த படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஃபிஷர் படகில் அமர்ந்திருக்க, படகை நடுவில் அறுக்கிறார்கள். இரண்டு துண்டாகிறது. எஞ்சின் உள்ள பின்துண்டில் அமர்ந்தவாறே அவர் ஓட்டிச் செல்கிறார்! விளம்பரம்தான், ஆனால் பொய்யில்லாத விளம்பரம்.

ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே காலம், இரு எதிரெதிர் விடைகள். ஹண்ட் குழம்பியிருந்தார் என்று எண்ண வேண்டியதில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு வேறு. பேரலையில் வேகம் குறையாமல் ஓடுவது எப்படி என்று கேட்டவர் பெர்ட்ராம். நாலு பேர் ஏறி ஒரு பக்கம் சாய்ந்தாலும் கவிழாமல், நீர் நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பது எப்படி என்று கேட்டவர் ஃபிஷர்.

ஆழ்ந்த 'வி' வடிவத்திற்கு ஒரு விலை உண்டு. அடி சரிந்திருப்பதால் நீர் கொடுக்கும் தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகிறது. அதே வேகத்திற்குக் கூடுதல் எஞ்சின் வலிமையும் எரிபொருளும் வேண்டும். சரிவு கூடினால் தூக்குவிசை எவ்வளவு குறையும் என்பதை நியூஜெர்சியின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சவிட்ஸ்கி 1964இல் கணக்கிடும் வழிமுறையாகவே வகுத்துத் தந்தார். மேலும், படகு நின்றுகொண்டிருக்கும்போது 'வி' வடிவம் எளிதில் இப்படியும் அப்படியும் உருளும். ஒரு குடும்பம் படகில் செலவிடும் பொழுதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தூண்டில் போடுகிறார்கள், சோறு உண்கிறார்கள், பிள்ளைகள் நீரில் குதித்து மறுபடி ஏறுகிறார்கள். பெரும்பகுதி நேரம் படகு நின்றிருக்கிறது, அல்லது ஊர்கிறது. பந்தயத்தில் வென்ற வடிவத்தை அப்படியே குடும்பத்திற்கு விற்றது, ஓட்டப் பந்தயக் காலணியைப் பாட்டிக்கு வாங்கித் தருவது போன்றதுதான். பின்னாளில் பல நிறுவனங்கள் சரிவை 20 பாகைக்கும் கீழே குறைத்து ஒரு நடுவழியைக் கண்டன. இன்றைய குடும்பப் படகுகள் பலவும் அவ்வகையே.

அதே வேளையில் வேலரைப் புகழ்ந்துகொண்டே போகவும் மனம் ஒப்பவில்லை. சின்ன அலையில்கூட அந்த 13 அடிப் படகு முதுகை உலுக்கிவிடும் என்பதை அதன் அன்பர்களே ஒப்புக்கொள்வர். ஆனால், முதுகு வலி ஆறிவிடும்.

சட்டம் ஃபிஷரின் பக்கமே சாய்ந்தது. அமெரிக்காவில் 1971இல் கூட்டரசுப் படகுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி, சிறு படகுகளில் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும், எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் மாட்டலாம் என்பதைக் காட்டும் தகடு கட்டாயமாயிற்று. அதைவிட முக்கியமானது 1978இல் நடப்புக்கு வந்த விதி. அதற்கு முன் பல படகுகளில் நுரை ஏதோ ஒரு மூலையில் இருக்கும். நீர் புகுந்தால் எஞ்சினின் எடையால் பின்பகுதி அமிழ்ந்து, முன்முனை மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும்; அல்லது படகு குப்புறக் கவிழும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்? பின்புற எஞ்சின் மாட்டிய 20 அடிக்குட்பட்ட புதிய படகுகள் நீர் நிறைந்தாலும் சமமட்டமாக மிதக்க வேண்டும் என்றது அவ்விதி. படகிற்குள்ளேயே அமர்ந்து உதவிக்காகக் காத்திருக்கலாம்.

வடிவமைப்பு செய்யக்கூடியது ஏறத்தாழ இவ்வளவே. இனி ஓட்டுவதைப் பற்றி.

2013 மே 5ஆம் நாள், இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில், பேட்ஸ்டோ அருகே கேமல் ஆற்று முகத்துவாரத்தில், பெற்றோரும் நான்கு பிள்ளைகளுமாக ஆறு பேர் ஒரு விரைவுப்படகில் சென்றனர். ஏறத்தாழ 8 மீட்டர் நீளம். காற்றடைத்த பக்கங்களும் 'வி' வடிவ அடியும் கொண்ட படகு. கூர்மையான திருப்பத்தின்போது வேகம் கூட்டப்பட்டது. அடிப்பாகம் ஒரு கணம் நீரின் பிடியை இழந்து, மறுகணம் சடக்கென்று பற்றியது. அறுவரும் நீரில் தூக்கி எறியப்பட்டனர். ஓட்டுநர் இல்லாத படகு முழு வேகத்தில் வட்டமடித்து அவர்கள்மேலேயே திரும்பத் திரும்ப வந்தது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். தாயும் மகனும் கடுமையாகக் காயமுற்றனர். வேறொரு படகில் வந்த ஒருவர் அந்தப் படகிற்குள் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

அப்படகில் நிறுத்துக்கயிறு இருந்தது. சுருண்ட சிறு கயிறு. ஒரு முனை எஞ்சின் விசையில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையிலோ இடுப்பிலோ. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். விபத்தின்போது அது யார் உடலிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. அன்று அவர்கள் சென்ற படகின் அடி 24 பாகையா 18 பாகையா என்பதால் எதுவும் மாறியிருக்காது.

அமெரிக்காவில் 26 அடிக்குட்பட்ட படகுகளை ஓட்டுவோர் இக்கயிற்றையோ அதுபோன்ற சாதனத்தையோ மாட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கூட்டரசு விதி 2021 ஏப்ரல் 1இல்தான் நடப்புக்கு வந்தது. மாப்பியின் வெற்றிக்கும் இந்த விதிக்கும் இடையே 61 ஆண்டுகள்! அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். நீரில் மூழ்கி இறந்தோரில், உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தனரா என்பது அறியப்பட்டவர்களுள், ஐவரில் நால்வருக்கு மேல் அணியாதவர்களே.

இவற்றோடு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேகமாகச் செல்லும் படகு பின்பகுதியைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு எழும்பி விழுகிறது. ஊஞ்சல் பலகையின் நுனிபோல, முன்முனைதான் மிக உயரம் எழுந்து மிக வேகமாக விழும். பிள்ளைகள் விரும்புவதும் அந்த இடத்தைத்தான். அலை இருக்கும் நாளில் பின்பகுதியில், நடுவில் உட்கார வைப்பதே நல்லது. படகோட்டியிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

அறிவியல் பாடத்தில் மிதத்தல் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக ஒரு குறிப்பு. பால் பெட்டி அட்டையில் ஒரே நீளமும் அகலமும் கொண்ட இரு படகுகளைச் செய்யுங்கள்; ஒன்றிற்குத் தட்டையான அடி, மற்றொன்றிற்கு 'வி' அடி. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஓரத்தில் ஒவ்வொன்றாக 10 காசு நாணயங்களை வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரு சாண் உயரத்திலிருந்து நீரில் விழவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். எந்தப் படகு நல்லது என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு மாணவி மட்டும், "யார் ஏறப் போறாங்க ஐயா?" என்று கேட்டாள்.