கிசுகிசுக்கும் சுவர்களும் சிறைப்பட்ட ஒளியும்

பீஜப்பூரின் கோல்கும்பாஸ், 1656இல் மறைந்த முகமது அடில் ஷாவின் கல்லறை. அதன் குவிமாடத்தினுள் வட்டமாகச் சுற்றிவரும் மாடத்தில் ஒருவர் சுவரோரம் இரகசியம் பேசினால், ஏறத்தாழ 38 மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் காதில் அது தெளிவாக விழும். பயணிகள் கைதட்டி மகிழும் இவ்விந்தைக்கும், ஒளியைச் சிறைப்பிடிக்கும் இன்றைய நுண்வளையங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

லண்டன் தூய பவுல் பேராலயத்திலும் இத்தகைய மாடம் இருக்கிறது. ஒலி எதிர்ப்புறத்தில் குவிவதே காரணம் என்று முன்னர் கருதினர். அவ்வாறன்று, வளைந்த சுவரை ஒட்டியே ஒலி தவழ்ந்து செல்கிறது என்று ராலே பிரபு விளக்கினார். 1910இல் அதனை அலைக் கணிதமாகவும் எழுதினார். சுவரை விட்டு உள்நோக்கி விலகினால் ஒலி சீராகக் குறையவேண்டும் என்பது அக்கணிதத்தின் முடிவு.

இவ்விடத்தில் நம் காவிரிக்கரைக்காரர் ஒருவர் வருகிறார். மோகனூரைத் தழுவிச் செல்லும் ஆறு பின்னர்க் காணும் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். சதர்லாந்து என்பவருடன் அந்தப் பேராலய மாடத்தை ஆராய்ந்தார். ஒலி சீராகக் குறையவில்லை; கூடியும் குறைந்தும் பட்டை பட்டையாக மாறியது. இருவரும் அதனை அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். கோல்கும்பாஸ் உள்ளிட்ட இந்திய மாடங்களையும் ராமன் ஆராய்ந்தார். புகழ்பெற்ற கோட்பாட்டுக்கும் தம் காதுக்கும் இடையே முரண் எழுந்தபோது, அவர் காதை ஐயுறவில்லை.

ஒளியும் அலையே. கண்ணாடிக் கோளத்தினுள் விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒளி, முழு அகப் பிரதிபலிப்பால் வெளியேற இயலாமல் சுற்றிவரும். ஒரு சுற்றின் நீளம் அலைநீளத்தின் முழு மடங்காக அமைந்தால், சுற்றுக்குச் சுற்று வலுப்பெறும். பெல் ஆய்வகத்தார் 1961இல் இத்தகைய கோளத்தில் லேசரையே உண்டாக்கினர். 2003இல் கால்டெக்கில் வஹாலா குழுவினர் சிலிக்கான் சில்லின்மீது முடியின் தடிமனையொத்த சிலிக்கா வளையங்களைச் செய்தனர். லேசரால் விளிம்பை உருக்கியதும், பரப்பு இழுவிசையே அதனை மழமழப்பாக்கியது. சிறு சொரசொரப்பும் ஒளியைச் சிதறடிக்கும். அது நீங்கியதால் ஒளி பல்லாயிரம் முறை சுற்றியது. வளையத்தில் ஒட்டும் நுண்துகளால் ஒத்ததிர்வு சற்றே நகரும். அந்நகர்வைக் கொண்டே துகளை அறியலாம்.

இன்றும் இவ்வலைகளுக்குக் 'கிசுகிசு மாட அலைகள்' என்றே பெயர். அப்பெயருடன் ராலே நினைக்கப்படுகிறார். ராமனை நினைப்போர் சிலரே. ஆயினும், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒளிப்பட்டைகளை எண்ணித் தம் வளையத்தை வடிவமைக்கும் பொறியாளர், ராமன் காதால் எண்ணிய பட்டைகளின் இனத்தவற்றையே எண்ணுகிறார்.